முந்தைய நாள் நிலவரம்

கறுப்புப் பாவாடைக்குள் ஒளித்திருந்த புத்தகம், ஹேரான் எழுந்து நின்றதும் நழுவி, அப்பாவின் படத்துக்கு முன்னால் பொத்தென்று விழுந்தது. துக்கம் கேட்க வந்தவர் அப்போதுதான் இரண்டாவது முறையாகக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். அவர் நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்த அப்பா அல்ல. 'கணினி வரிக் கணக்கு, இரண்டாம் நிலை, மாதிரி வினாக்கள்'.

அப்பாவோடு குன்சான் நகரப் பேருந்து ஓட்டியவர் அவர். புத்தகத்தை இரண்டு கைகளாலும் எடுத்து ஹேரானிடம் நீட்டினார்.

"படிம்மா. போன வாரம்கூட உங்கப்பா போன்ல உன் பரீட்சையப் பத்தித்தான் பேசுனாரு. என்னை ஒரு வார்த்தை பேச விடல."

அவர் அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாரோ இல்லையோ, அத்தை பாய்ந்து வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. காலையிலிருந்து யாரைத் திட்டலாம் என்று காத்திருந்தவள்.

"ஏண்டி, நாப்பத்து மூணு வயசாச்சு. சாவுக்கு வந்தவங்க முன்னாடி பாவாடைக்குள்ள புத்தகமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளை கெட்டுது."

"நாளைக்குப் பரீட்சை அத்தை."

"நாளைக்கு உங்கப்பனத் தூக்குற நாள்!"

"தெரியும். அது காலைல. பரீட்சை மதியம்."

  அத்தை திரும்பி ஹேரானின் அண்ணன் கியூசிக்கைப் பார்த்தாள். இரண்டு கோடு போட்ட கைப்பட்டி அவன் கையில்தான் இருந்தது. மூத்த மகன், துக்கத்துக்குத் தலைவன். சியோலில் வங்கி மேலாளர். நேற்று காலை செய்தி கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்தவன், அப்போதிலிருந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். கால் வீங்கியிருந்தது, முகமும்தான்.

"உள்ள வா," என்றான் தங்கையிடம்.

ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருந்த சாவுக்கூடம் அது. படத்துக்குப் பின்னால் குடும்பத்தார் படுத்துக்கொள்ள ஓர் அறை உண்டு. அங்கே அண்ணி ஒரு கிண்ணம் சிவந்த மாட்டிறைச்சிச் சூப்பில் சோற்றைக் கொட்டிக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஹேரான் உட்காரும் முன்பே கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலயே நீ. சாப்பிடு."

அண்ணி கெட்டவள் அல்ல. கணக்குப் பார்ப்பவள், அவ்வளவுதான்.

"இந்தப் பரீட்சை வருஷத்துக்குப் பல தடவை வருதுல்ல?" என்றான் கியூசிக். "அடுத்தது எழுது."

"அப்பா என்னைத் தயார் பண்ணது இதுக்கு."

"அப்பாவத் தூக்குற அன்னிக்கு மக பரீட்சைக்குப் போனான்னா ஊரு என்ன சொல்லும்?"

"அத்தை சொல்றதத்தான் ஊரும் சொல்லும். அத நான் இப்பவே கேட்டுட்டேன்."

அண்ணி இருமிக்கொண்டே சிரிப்பை விழுங்கினாள். பிறகு, இதுதான் சமயம் என்று நினைத்தாளோ, பேச்சை மாற்ற நினைத்தாளோ, மெதுவாக ஆரம்பித்தாள். "வரிக் கணக்குன்னதும் ஞாபகம் வருது. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் இவர் கார்டுலதான போட்டிருக்கோம். இந்த வருஷமும் மாமா எங்க கணக்குலயே இருந்துட்டா சுலபமா இருக்கும், இல்லயா?"

ஹேரான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

சம்பளக்காரர்கள் தங்களை நம்பியிருக்கும் வயதான பெற்றோரை வருடக் கடைசியில் வரிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வரி கொஞ்சம் குறையும். ஆனால் ஓர் அப்பா ஒரு பிள்ளையின் கணக்கில்தான் ஏற முடியும். அம்மா போனதிலிருந்து அப்பா, சியோலில் இருக்கும் மகன் கணக்கில் இருந்தார். மகளோடு குன்சானில் சாப்பிட்டுத் தூங்கினார். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஹேரான் மீன் சந்தையில் நாள் கூலிக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். சம்பளச் சீட்டே இல்லாதவள் எந்தக் கணக்கில் அப்பாவை ஏற்றுவாள்? நாற்பதுக்கு மேல் படிக்க உட்கார்ந்து, முதல் நிலையைத் தாண்டி, இந்த ஜனவரியில்தான் மீன் உருண்டைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. முதல் சம்பளச் சீட்டை அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டு, "இந்த வருஷத்துலேருந்து நான் வண்டி மாறுறேன், உன் தங்கச்சி வண்டில ஏறப்போறேன்" என்றார். கியூசிக் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். வரியில் மிச்சமாகும் பணத்தில் இரண்டு பேர் நல்ல ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடலாம். அந்தப் பணத்துக்காக ஹேரான் தன் சுண்டுவிரலைக்கூட அசைத்திருக்க மாட்டாள்.

"அப்பா இந்த வருஷம் என் கணக்குல," என்றாள்.

"ஆளே போயாச்சு, இதுல சண்டையா?" என்றான் கியூசிக்.

"போனாலும் இந்த வருஷத்துக்கு உண்டு."

"சரி, உண்டு. ரெண்டு பேர் போட்டா, போன வருஷம் யார் போட்டாங்களோ அவங்களுக்குத்தான். நீ படிச்சிருப்பியே?"

"படிச்சேன். அது ரெண்டு பேரும் போட்டா. நீ போடாத."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், வெளியே யாரோ வந்துவிட்டார்கள் என்று அத்தை கூப்பிட்டாள். எழுந்து கைப்பட்டியைச் சரிசெய்துகொண்டு போனான். ஹேரான் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நாளைக்குத் தலை சுற்றக் கூடாது.

சனிக்கிழமை காலை சவப்பெட்டி உள்ளே போன பிறகு, எரியூட்டும் மண்டபத்தின் காத்திருப்பு அறையில் அனைவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு பலகை பெயர்களையும் அறை எண்களையும் காட்டிக்கொண்டிருந்தது, பேருந்து நிலையத்தில் காட்டுவதைப் போலவே. அதில் அப்பாவின் பெயர்: 'தாக் மான்சூ. நடந்துகொண்டிருக்கிறது.' அத்தை அழுது களைத்துத் தூங்கியிருந்தாள். ஹேரான் புத்தகத்தை இப்போது ஒளிக்கவில்லை. மடியில் விரித்து வைத்திருந்தாள். ஒரு வரியும் ஏறவில்லை. கண்ணீர் வந்தால் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

கியூசிக் இரண்டு காகிதக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பலகையைப் பார்த்தான்.

"புதன்கிழமை ராத்திரி நான் கூப்பிடணும்னு இருந்தேன்," என்றான். "கூட்டம் முடிய நேரமாயிடுச்சு. தூங்கியிருப்பாருன்னு விட்டுட்டேன்."

"தூங்கல."

"என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

ஹேரான் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி ஒரு வினாவைக் காட்டினாள். ஒரு சம்பளக்காரரின் குடும்பம். மனைவி, மகன், அப்பா. அப்பா அந்த வருடம் இறந்துபோனவர். யார் யாரைச் சேர்க்கலாம்?

"இதத்தான். பூதக்கண்ணாடிய வெச்சுக்கிட்டு அவரு படிப்பாரு, நான் பதில் சொல்லணும். இதுல மட்டும் நான் எப்பவும் தப்பு. செத்தவரப் பாத்ததும் கை தானா 'இல்லை'ன்னு போட்டுடும். 'மறுபடியும் என்னைக் கொன்னுட்டியாடி'ன்னு சிரிச்சாரு. சிரிச்சு இருமலே வந்துடுச்சு."

கியூசிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்புறம் அவரே சொல்லிக்குடுத்தாரு. வண்டில ஏறுனவன் கடைசி ஸ்டாப் வரைக்கும் வரணும்னு இருக்கா? பாதில இறங்குனாலும் அவன் அன்னிக்கு வந்த ஆளுதான், கணக்குல உண்டுன்னாரு. புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னா, செத்தவங்களுக்குச் சாவுக்கு முந்தின நாள் நிலவரத்தப் பாக்கணுமாம். அன்னிக்கு அவரு யாரு கூட, எப்படி இருந்தாருன்னு."

"முந்தின நாள்," என்றான் அவன்.

"புதன்கிழமை."

பலகையில் அப்பாவின் பெயருக்கு எதிரே எழுத்து மாறியது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

அஸ்திக் கலயம் இருந்த பெட்டியை வெள்ளைத் துணியில் கட்டி, மூத்த மகன் கழுத்தில் மாட்டிக் கையில் கொடுத்தார்கள். துக்கப் பேருந்து நகரத்துக்குள் இறங்கியது. கலயத்தை வைக்கப்போகும் அஸ்தி மாடம் கடற்கரைப் பக்கம். போகும் வழியில்தான் தேர்வு நடக்கும் பள்ளி. அதை ஹேரான் எப்போதோ பார்த்து வைத்திருந்தாள். பாலம் தாண்டியதும் அரிசிக் கேக் கடைப் பையில் வைத்திருந்த கால்குலேட்டரையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓட்டுநர் அருகே போய் நின்றாள்.

"அண்ணே, அந்தப் பள்ளிக்கூட வாசல்ல நிறுத்துங்க."

ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பேருந்து முழுக்க அவளைப் பார்த்தது.

"ஹேரான்!" என்றாள் அத்தை. "எங்கண்ணனை மாடத்துல வெக்கிற நேரத்துல பெத்த மக இல்லாமலா? தலையில இன்னும் துக்கத்து வெள்ளை ரிப்பனோட? நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இது நடக்காது!"

"எழுதிட்டு டாக்ஸி புடிச்சு வந்துடுறேன் அத்தை. வெச்சுட்டாலும் அப்பா அங்கதான இருப்பாரு."  கம்பியைப் பிடித்திருந்த கையை விடவில்லை. அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தது இந்தப் பரீட்சைக்கு. அடுத்ததை எழுதுவதற்கு ஆயிரம் நாள் இருக்கலாம், அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

 பின்னாலிருந்து கியூசிக்கின் குரல் வந்தது.

"நிறுத்துங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்க முடியாது.

தேர்வு அறையில் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். அடையாள அட்டையைச் சரிபார்த்த பெண், படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கூந்தலில் குத்தியிருந்த வெள்ளை ரிப்பனைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் தலையைச் சற்றே தாழ்த்திவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். ஹேரானுக்கு அது போதுமாயிருந்தது.

கணினித் திரையில் ரசீதுகள், தேய்மானம், விற்பனை வரி. கை தானாக ஓடியது. ஓரிடத்தில் சிக்கியது, விட்டுவிட்டுப் போனாள், திரும்பி வந்தாள். கடைசியில் குடும்பக் கணக்கு. ஒரு சம்பளக்காரப் பெண், கணவன், இரண்டு பிள்ளைகள். கீழே அப்பா: வருமானம் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

விரல் வழக்கம்போல 'இல்லை'க்குப் போனது. அங்கேயே நின்றது.

புதன்கிழமை ராத்திரி அப்பா வாற்கோதுமைத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பூதக்கண்ணாடியைத் துடைத்து, "இன்னொண்ணு கேக்கட்டா?" என்றார். அவளுக்குத் தூக்கம். "நாளைக்குப்பா" என்று விளக்கை அணைத்தாள். மறுநாள் காலை அப்பா இல்லை. இத்தனைக்கும் நடுவில் அவளை அறுத்துக்கொண்டிருந்தது அந்த 'நாளைக்கு' என்ற ஒரு வார்த்தைதான். அண்ணனிடம்கூட அதைச் சொல்லவில்லை. கண் கலங்கித் திரை மங்கியது. சட்டைக் கையால் துடைத்தாள். 'ஆம்' என்று போட்டாள். அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

வெளியே வந்து, டாக்ஸிக்காகக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துக்கப் பேருந்து இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றிருந்தது. முன்பக்கத்துக் கறுப்புப் பட்டை காற்றில் படபடத்தது. உறவுக்காரர்கள் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து கடையில் வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் அத்தை எழுந்து பாவாடையைத் தட்டினாள்.

"முடிச்சிட்டியா மகாராணி? உங்கண்ணன் நகர விடமாட்டேனுட்டான். ஓட்டுநர் ரெண்டு தடவ கேட்டாரு. அவ வராம அப்பாவ உள்ள வெக்க மாட்டோம்னு ஒரே பிடிவாதம். உங்கப்பன் ரத்தம்ல ரெண்டும்." சொல்லிக்கொண்டே ஒரு கிம்பாப் துண்டை அவள் வாயில் திணித்தாள். "மெல்லு. முகத்தப் பாரு, பேய் மாதிரி."

கியூசிக் பேருந்தை விட்டு இறங்கவே இல்லை. பெட்டியை மடியில் வைத்து, கறுப்புக் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹேரான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துச்சா அந்தக் கேள்வி?"

"வந்துச்சு."

"என்ன போட்ட?"

"உண்டுன்னு."

அவன் தலையாட்டினான். வெளியே பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். "திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லி என் கணக்குலேருந்து எடுத்துடுறேன்," என்றான், ஜன்னலுக்கு வெளியே இருந்த யாரிடமோ சொல்வதுபோல. பிறகு கழுத்திலிருந்து வெள்ளைத் துணியைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினான். பெட்டியை அவள் மடியில் வைத்தான்.

பெட்டியில் இன்னும் சூடு ஆறவில்லை.

எல்லாரும் ஏறினார்கள். ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியில் ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தார். ஹேரான் பெல்ட்டை நீளமாக இழுத்து, பெட்டியையும் சேர்த்துச் சுற்றி, பக்கவாட்டில் தேடி மாட்டினாள். டக் என்ற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது.