கட்டு அவிழ்த்த கை

ஆறாத புண்ணுக்குக் கடல் தண்ணீரைவிட நல்ல மருந்து கிடையாது என்பது ராயபுரம் குப்பத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மீன்முள் குத்தினாலும் தூண்டில் கிழித்தாலும் கடலில் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கோதண்டத்துக்கும் அது தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் வினையாகப் போயிற்று.

அவன் தங்கை பவுனம்மாளுக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் சுருங்கிய தழும்பு. வலைக்குச் சாயமேற்றக் காய்ச்சிய மரப்பட்டைத் தண்ணீர் ஏழு வயதில் அவள்மேல் கொட்டிவிட்டது. அடுப்பைச் சுற்றி ஓடி விளையாடி அண்டாவைச் சாய்த்தவன் பத்து வயதுக் கோதண்டம். அப்பாவின் துடுப்படிக்குப் பயந்து அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த வேதனையிலும், "நானேதான் கொட்டிக்கினேன்" என்று சொன்னவள் அவள்.

அதிலிருந்து பதினாலு வருஷம், அந்தக் கன்னத்தைப் பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்காது. தொடைத் தோலை எடுத்து முகத்தில் ஒட்டுகிற டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவளை டிராமில் ஏற்றிக்கொண்டு ஓடினான். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கட்டு மாற்றும்போது வழவழவென்றிருந்த கன்னத்தைக் கண்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதான். இன்னும் பத்து நாள் கட்டை அவிழ்க்காதே, தண்ணீர் படவிடாதே என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர்.

எண்ணூரிலிருந்து பெண் பார்க்க வருவதோ ஆறாம் நாள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. அதற்குள் ஆற்றிவிட வேண்டுமென்று, வீட்டுக்கு வந்த மறுநாள் காலையே அவளைக் கரைக்கு அழைத்துப்போய்க் கட்டை அவிழ்த்தான். டாக்டர் சொன்னதை அவள் ஞாபகப்படுத்தினாள். கடலைவிடப் பெரிய டாக்டரா என்று சிரித்துக்கொண்டே கழுவிவிட்டான். மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் சீழ் வைத்து, ஒட்டிய தோல் கறுத்துப் பிரிந்தது.

மறுபடியும் டிராம், மறுபடியும் ஆஸ்பத்திரி. ஒட்டிய தோல் போய்விட்டது, இனிப் பழைய தழும்பைவிட மோசமாகத்தான் ஆறும் என்றார் டாக்டர். கட்டை அவிழ்த்தது யார் என்று கேட்டார். கோதண்டம் கதவோரம் ஒதுங்கி நின்றான்.

பவுனம்மாள் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"நானேதான் அவுத்துக் கழுவிக்கினேன், சாமி."

அன்றைக்குப் பத்து வயது. துடுப்புக்குப் பயந்தான் என்று சொல்லலாம். இன்றைக்கு அவனுக்கு இருபத்து நாலு. அடிக்க அப்பாகூட உயிரோடு இல்லை. அப்படியும் அவன் பேசாமல்தான் நின்றான்.