ரிப்புக்குள் நார் இல்லை

கையெழுத்து என்னுடையதுதான். அதுதான் சிக்கலே.

நான் கையெழுத்துப் போட்டது, ஸ்கூட்டரில் பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிக்கு. இரும்புக்குப் பதிலாக, ரெசின் என்கிற பிசினும் கண்ணாடி நாரும் கலந்த தகட்டைச் சூடான அச்சில் வைத்து அழுத்திச் செய்வது. அழுத்தும்போது எது எங்கே ஓடும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது என் வேலை. ரெசினும் நாரும் ஒன்றாகவே ஓடும் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். ஒவ்வொரு நாராகத் தொடர்ந்தால் நான்கு நாள்.

"அவ்ளோ டைம் ஏதும்மா? சீக்கிரம் முடி," என்றார் மேனேஜர் கஸ்தூரிரங்கன். முடித்தேன். எல்லாம் சரி என்று திரை முழுக்கப் பச்சை. கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி இரும்பில் அச்சையும் வெட்டிச் செய்துவிட்டார்கள்.

மனசு கேட்காமல் போன வாரம் அந்த நான்கு நாள் கணக்கையும் ஓட்டினேன். கைப்பிடியை அடியில் விலா எலும்பு மாதிரித் தாங்கும் ஒல்லியான ரிப்பின் வாயிலேயே நாரெல்லாம் சிக்கி நின்றுவிட்டது. வடிகட்டியில் டீ இறங்குகிற மாதிரி ரெசின் மட்டும் உள்ளே இறங்கியது. வெறும் ரெசின் பட்டென்று உடையும்.

"இப்ப வந்து சொல்றியே அனுப்பிரியா, சைன் யாருது?" என்றார் மேனேஜர். நியாயம்தான், பாழாய்ப்போன நியாயம்.

இன்று காலை கஸ்டமர் ஷ்யாம்சுந்தர் வந்திருந்தார். பிரஸ் ஓட்டும் ஜெயவேலு முதல் பீஸை எடுத்தார். பளபளவென்று இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கி, ரிப்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். டக்கென்று கையோடு வந்துவிட்டது.

"இன்னா மேடம், பிஸ்கோத்து கணக்கா ஒடியுது!" என்றார் ஜெயவேலு.

"ட்ரையல் பீஸ் சார், சரியா வேகல," என்று சிரித்தார் கஸ்தூரிரங்கன். "சிமுலேஷன்ல எல்லாம் ஓகே. அப்படித்தானேம்மா?"

ஷ்யாம்சுந்தர் என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த ஃபைலில் என் கையெழுத்து. ஒரே ஒரு 'இல்லை' போதும். உடைந்த துண்டு உள்ளங்கையில் குத்தியது.

"ஆமா சார்."

சீ, என்ன ஜென்மம் நான்!

மாலையில் என் கணவன் உதயா வண்டலூர் கேட்டருகே பழைய ஸ்கூட்டரோடு நின்றான். "ஏறு, தாம்பரத்துல டிராஃபிக் ஆயிடும். நல்லாப் புடிச்சுக்கோ."

பழக்கத்தில் கை பின்னால் போனது. இரும்புக் கைப்பிடிதான், இருபது வருஷம் தாங்கும். தொட முடியவில்லை. அவன் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"இன்னா, இன்னைக்கு இவ்ளோ பாசம்?" என்று சிரித்தான்.