தீட்டாத கத்தி

கிரகரிக்கு அறுபத்திரண்டு வயசு. மலைப் பன்றிக்குப் பயந்ததில்லை, மண்சரிவுக்குப் பயந்ததில்லை. கட்டைவிரலில் ஒரு சின்னக் காயம். அதற்குப் பயந்து தினம் தினம் செத்துக்கொண்டிருந்தான்.

இப்போதெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் கழிப்பது மிஷின். பங்களாதேஷ் பையன்கள் அதை ஓட்டிக்கொண்டு போவார்கள். மிஷின் விட்டுப்போன முண்டுகளைக் கத்தியால் சீவுவது கிழவர்கள் வேலை. கிரகரியும் விஜயனும் இருபது வருஷமாக ஒரே நிரையில், பக்கத்துப் பக்கத்தில் வேலை. இரண்டு பேர் கத்தியையும் காலையில் விஜயன்தான் தீட்டுவான். அவன் தீட்டினால் அந்தக் கத்தியில் முகச்சவரம் செய்யலாம்.

அன்றைக்குக் கிரகரியின் கத்திப்பிடி கழன்றுவிட்டது. விஜயன் தன் கத்தியைக் கொடுத்தான். கொஞ்சம் முன்னால்தான் அவன் அதில் விரலைக் கிழித்துக்கொண்டு, கத்தியைக் கால்சட்டையில் துடைத்திருந்தான். நாலு செடி தாண்டுவதற்குள் அதே கத்தி கிரகரி கட்டைவிரலில் இறங்கியது. விஜயன் முகம் வெளுத்துவிட்டது. இதற்கா இப்படி என்று நினைத்தான் கிரகரி.

சாயங்காலம் தொழிலாளர் லயத்துக் குழாயடியில் விஜயன் சொன்னான்.

"அண்ணே, எனக்கு எச்ஐவி இருக்கு. ஆறு வருஷமா மருந்து சாப்பிடறேன். ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருச்சுனு டாக்டர் சொன்னார். இருந்தாலும் நீங்க நாளைக்கே கிளினிக் போயிடுங்க. மூணு நாளைத் தாண்டக் கூடாது."

கிரகரி இரண்டடி பின்னால் போனான். "ஆறு வருஷமா மறைச்சியே, நீ மனுஷனாடா?"

"யாருக்கும் தெரியாதுண்ணே. கத்தி படலேன்னா உங்ககிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

கிரகரி போனானா? போகவில்லை. பக்கத்து ஊர் ரிங்லெட் கிளினிக்கில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆபீஸ் கிராணியின் சம்சாரம் பிரஷர் மாத்திரை வாங்க அங்கேதான் வருவாள். அதோடு, கவர்மெண்ட் காகிதத்தில் தன் பெயர் ஏறி அவனுக்கு ஒரு நல்லதும் நடந்ததில்லை.

வீட்டில் தனித் தட்டு, தனிக் கிளாஸ், தனிச் சோப்பு. படுக்கை ஹாலுக்கு வந்தது.

"என்ன, சாமியாராப் போறீங்களா?" என்றாள் அவன் மனைவி ஆரோக்கியம்மாள். "சொல்லிட்டுப் போங்க. உங்க சட்டையெல்லாம் என் தம்பி ராய்ஸ்டனுக்குக் கொடுத்துடறேன்."

அவன் சிரிக்கவில்லை. இருபதாம் நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது. வந்துவிட்டது என்றே முடிவு கட்டினான். பஸ் ஏறி, ரிங்லெட்டைத் தாண்டி, தன்னைத் தெரியாத ஒரு கிளினிக்குக்குப் போனான்.

நர்ஸ் நளினிக்கு மகள் வயசு. எச்ஐவி பார்க்க வேண்டும் என்று அவன் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், வெளியில யார்கூடயாவது தொடர்பு..."

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? கத்தி பட்டது லா!"

விஜயன் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னான். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இருபது நாளா? மூணு நாளைக்குள்ள வந்திருந்தா, தடுக்குற மாத்திரை வேணுமானு டாக்டர் பார்த்திருப்பார். அந்த ஆள் சொல்லலையா?"

"சொன்னான்." கிரகரி கட்டைவிரலை மடக்கிக்கொண்டான். பிறகு கேட்டான். "என் கிளாஸ்ல என் சம்சாரம் குடிச்சா?"

"வராது."

"ஒரே சோப்பு? கொசு?"

"வராது அங்கிள். ரத்தத்துல வரும், உறவுல வரும், தாய்கிட்டேருந்து பிள்ளைக்கு வரும். ஒழுங்கா மருந்து சாப்பிடற ஆளோட ரத்தம், அதுவும் துடைச்ச கத்தியிலேருந்து வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா வரவே வராதுனு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் அவளை நம்பினான். ஒண்ணும் ஆகாது என்று இதுவரை அவனிடம் சொன்னவன் எல்லாம் பொய்தான் சொல்லியிருக்கிறான்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். கொரோனாவுக்குப் பார்த்த மாதிரியே ஒரு சின்னப் பட்டை. இரண்டு கோடு வந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். ஒரு கோடு வந்தது. இரண்டாவது வரும் வரும் என்று கண் கொட்டாமல் பார்த்தான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"ஒண்ணுதான். ஆனா இருபது நாள் பத்தாது. கிருமி இருந்தாலும் இப்ப காட்டாம இருக்கலாம். மூணு மாசம் முடிஞ்சதும் மறுபடி வாங்க. அதுவரைக்கும் ஆன்ட்டிகூட..."

"அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு," என்று எழுந்துகொண்டான்.

மூன்று மாதம் விஜயனைக் கத்தியைத் தொட விடவில்லை. தானே தீட்டினான், தீட்டத் தெரியவில்லை. மொட்டைக் கத்தி கிளையை நார்நாராகக் கிழித்தது.

"எலி கடிச்ச மாதிரி வெட்டி வச்சிருக்க?" என்றார் கங்காணி நாகப்பன். "விஜயன்தானே தீட்டுவான்? சண்டையா?"

தூரத்தில் விஜயன் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு அவன் இந்த லயத்தில் இருக்க முடியாது. கிரகரி சொல்லவில்லை. நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். அடுத்த கேள்வி தன் விரலுக்கு வரும் என்ற பயம்.

"கை வலி, கங்காணி."

மூன்று மாதம் முடிந்து அதே கிளினிக்குக்குப் போனான். மறுபடியும் ஒரே கோடு.

"முடிஞ்சது அங்கிள். உங்களுக்கு இல்லை."

அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தான். விஜயன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? தன் மானத்தைக் கிரகரி கையில் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தான் அவன்.

மறுநாள் காலையில் கத்தியை நீட்டினான். "டேய், இதைத் தீட்டு."

விஜயன் வாங்கவில்லை. "போயிட்டு வந்தீங்களா?"

"ஒரு கோடுதான்."

விஜயன் தீட்டுக்கல் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டான். "நானும் தூங்கலைண்ணே," என்றான். கத்தியை வாங்கிக் கல்லில் வைத்தான். கத்தி கல்லை விட்டு வழுக்கியது.

"பார்த்துடா, விரலை வெட்டிக்காதே," என்றான் கிரகரி. தீட்டி முடித்த கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விஜயன் அதைப் பார்த்தான்.

கத்தி சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நிரையில் இறங்கினார்கள்.