நூலுக்கு நாலாவது வாக்கியம்

சட்டை தைக்கும் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்காவுக்கு வாயை மூடிக்கொண்டு தைக்க வராது. பக்கத்து மெஷினுக்குப் புதிதாக வந்தவளுக்கோ ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள் அக்கா. நாலாம் நாள் மகளின் போனைப் பிடுங்கி ஒரே ஒரு சொல்லைக் கற்றாள்: இலோ. நூல் என்று அர்த்தம்.

அதை வைத்து மூன்று வாக்கியமும் தேற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து வீடு ரணகளம். "தாமே இலோ", நூல் கொடு. "கியேரோ இலோ", எனக்கு நூல் வேணும். "நோ ஐ இலோ", நூல் இல்லை. குளியலறையிலிருந்து கணவர் துண்டு கேட்டாலும் "நோ ஐ இலோ!"தான்.

"அம்மா தாயே, துண்டைக் குடுத்துட்டு அப்புறம் பாஷை பேசு!"

மறுநாள் "தாமே இலோ" என்றதும் புதியவள் முகம் மலர்ந்து தன் நூல்கண்டையே நீட்டினாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு நூல் வாங்க ஸ்டோருக்கு எழுந்து போவதையே விட்டுவிட்டாள். வாயைத் திறந்தால் நூல் வருகிறதே! வாரம் முழுக்க இதே கூத்து.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசர் வந்து புதியவளைக் காட்டினார். "இந்தம்மா தைக்கிற சட்டை நாளுக்கு நாள் குறையுது. இன்னைக்கும் குறைஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவேன்."

"நல்லாத்தானே சார் தைக்குது?" என்றாள் அக்கா.

"பாதி நேரம் ஸ்டோர்லதான் நிக்குது. நூலைத் திங்குதா என்ன?"

அக்காவுக்குச் சுரீர் என்றது. தின்றது யார்? பாவி, கற்ற மூன்று வாக்கியமும் கேட்கிற வாக்கியம். கொடுக்க ஒன்றுகூட இல்லை. தன்னோடு பேசும் ஒரே ஆளிடம் அவள் எப்படி இல்லை என்பாள்?

"சார், அவ நூலை எல்லாம் வாங்கினது நான்தான்" என்று போட்டு உடைத்தாள்.

"எனக்குச் சட்டைதான் முக்கியம். சாயங்காலம் எண்ணுவேன்."

அக்கா தன் மகளுக்குப் போன் போட்டாள். "ஏய், 'இந்தா நூல்'னு எப்படிடி சொல்றது? சீக்கிரம்!"

அப்புறம் ஒரே ஓட்டம்தான். ஸ்டோரிலிருந்து இரண்டு கையும் நிறைய அள்ளி வந்து, "தோமா இலோ!" என்று புதியவளின் மேசையில் கொட்டினாள். புதியவள் முதலில் சிரித்தாள். பிறகு குனிந்த தலை நிமிராமல் தைத்தாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் எண்ணி முடித்தார். "இவளுது சரியா இருக்கு. உன்னோடதுதான் பாதிகூட இல்ல."

"என்னை நாளைக்குத் திட்டுங்க சார். இவ இருக்கலாமா?"

"இருக்கட்டும்."

புதியவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். 'உனக்கு வேலை இருக்கிறது' என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது? அக்கா யோசிக்கவில்லை. ஒரு புதுக் கண்டை எடுத்து அவள் மெஷினில் மாட்டினாள். ஊசியில் நூலைக் கோத்தாள். அடுத்த வாரத்துக்கு வெட்டி வைத்திருந்த துணிக்கட்டைத் தூக்கி அவள் மேசையில் வைத்தாள்.

புதியவள் அந்தத் துணியிலேயே முகம் புதைத்துக் கேவிக் கேவி அழுதாள்.

"அடியேய், துணி நனையுது பாரு!" என்றாள் அக்கா. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.