மூன்று முறையும் அதே எண்

பாப்பாரப்பட்டி கடைவீதியில் வஹிதாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தால் சொன்ன நாளில் கைக்கு வந்துவிடும் என்று பேர். இரண்டு வருடமாக அந்தப் பேர் கெட்டுக்கொண்டிருந்தது. தையல் மிஷினை மிதிக்க முடியாமல் கால் எலும்பெல்லாம் குடைந்தது. எதிலும் மனம் ஒட்டவில்லை. போன ஆடியில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது மணிக்கட்டே முறிந்துவிட்டது.

"வெயில் படாம கடைக்குள்ளயே கெடந்தா இப்படித்தான்" என்றார்கள் பார்த்தவர்கள். ரத்தத்தில் வைட்டமின் டி உண்மையிலேயே ரொம்பக் குறைவு. மாத்திரை சாப்பிட்டாள். தினமும் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்தாள். வலி இம்மியும் குறையவில்லை. "வேல செய்ய சோம்பல், வலின்னு சொல்றா" என்று நாத்தனார் யாரிடமோ பேசியது காதில் விழுந்த அன்று, அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது.

பிறகு சிறுநீரகத்தில் கல், இரண்டாவது தடவையாக. கணவர் நசீருதீன் அவளைத் தருமபுரியில் ஒரு லேப்புக்கு அழைத்துப் போனார். ரத்தம் எடுத்தவள் பூவிழி, பத்து வருடமாக அங்கே வேலை பார்ப்பவள். மாலையில் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது அவள் முகம் சரியாக இல்லை.

"அக்கா, கால்சியம் பன்னெண்டுக்கு மேல காட்டுது, பத்தரையத் தாண்டக் கூடாது. மிஷின் கோளாறோன்னு மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன், அதே எண்ணுதான். வைட்டமின் டி இன்னும் கம்மியாத்தான் காட்டுது. அது இவ்ளோ கம்மியா இருந்தா கால்சியம் எறங்கணும், ஏறக் கூடாதுங்கக்கா. டாக்டருகிட்ட கேக்காம வூட்டுக்குப் போயிடாதீங்க."

சொன்னதோடு விடவில்லை. கல்லுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்குத் தானே போன் செய்தாள்.

அடுத்த வாரம், மறுபடி சில பரிசோதனைகள் முடிந்து, அவர் அனுப்பிவைத்த சேலத்து ஹார்மோன் டாக்டர் விளக்கினார். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல நான்கு சுரப்பிகள். பாராதைராய்டு என்று பேர். அதில் ஒன்றில் கட்டி. எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டுவது அதுதான்.

"கேன்சருங்களா?" என்று கேட்டார் நசீருதீன்.

"அப்படித் தெரியலீங்க. எடுத்துட்டா சரியாயிடும்."

வஹிதா அழுதாள். "அப்போ நான் சோம்பேறி இல்லீங்க" என்றாள் கணவரிடம்.

அவர் தலைகுனிந்தார். "நானும் ஒருநாளு அப்படி நெனச்சிட்டேன், வஹிதா."

எடுத்த கட்டி புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. காய்ந்து கிடந்த எலும்பு ரத்தத்துக் கால்சியத்தை இழுத்துக்கொண்டதில் சில நாள் உதட்டைச் சுற்றி மரமரப்பு, சில மாதம் கால்சியம் மாத்திரை. எலும்புக் குடைச்சல் மெல்ல மெல்ல விட்டுப் போனது.

மூன்றாம் மாதம் தனியாகவே பஸ் ஏறித் தருமபுரி போனாள். பூவிழிக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"அட, நீங்களாக்கா! நல்லா நடந்து வர்றீங்களே!"

வஹிதா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவையோட நீ வுட்டிருந்தா நான் என்ன ஆயிருப்பேன், கண்ணு?" என்று கேட்டாள்.

"என் வேலதானுங்கக்கா" என்றாள் பூவிழி, கண்ணைத் துடைத்தபடி.

இப்போதெல்லாம் விடியற்காலைத் தொழுகை முடிந்து துவா கேட்கும்போது, தன் மகள்களின் பேருக்கு அடுத்தபடியாகப் பூவிழியின் பேரையும் வஹிதா சொல்கிறாள். பூவிழிக்குப் பிள்ளைகள் உண்டா, அவர்கள் பேர் என்ன என்று தெரியாது. அடுத்த முறை போகும்போது கேட்டுக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறாள்.