நீட்டி மடக்கும் குழுவில் ரௌஷான்

சீட்டுக் குலுக்கியபோது ஓரகத்தி குல்யாஷுக்கு வேகநடைக் குழு விழுந்தது. மூத்தவள் ரௌஷானுக்குக் கைகால்களை நீட்டி மடக்கும் குழு. உடற்பயிற்சி வயதானவர்களின் மூளைக்கு என்ன செய்கிறது என்று அல்மாத்தி நகரில் ஆறு மாத ஆய்வு. நீட்டி மடக்குபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். வேகமாக நடக்கக் கூடாது, படியேறிப் பழகக் கூடாது என்று ஆய்வுப் பெண் ஷோல்பான் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

ரௌஷானுக்குப் பொறுக்கவில்லை.

மருமகளாக வந்த நாள் முதல் வெள்ளிக்கிழமைக் குடும்பத் தேநீரை ஊற்றியவள் அவள். வெந்நீர் கொதிக்கும் சமோவர் பக்கத்தில் உட்காருபவள் பன்னிரண்டு பேருடைய கிண்ணங்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். காலியாகி வந்த கிண்ணம், கேட்காமலே, அதே ஆளுக்கு அதே பக்குவத்தில் திரும்பிப் போக வேண்டும். போன இலையுதிர் காலத்தில் சம்பந்தியின் கிண்ணத்தை அவருடைய மச்சானிடம் நீட்டிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் குல்யாஷ் உட்கார்ந்திருந்தாள்.

அதைத் திரும்பப் பிடிக்கத்தான் ரௌஷான் ஆய்வில் சேர்ந்தாள். குல்யாஷ் சும்மா துணைக்கு வந்தவள்.

மூன்றாவது மாதம் குல்யாஷ் கன்னம் சிவக்க, ஒரு கிண்ணம்கூடத் தப்பாமல் ஊற்றினாள்.

"மூளைக்கு ரத்தம் நல்லா ஓடுதாம்க்கா. எனக்கே தெரியுது."

"வாய்க்கும் நல்லாத்தான் ஓடுது."

மறுநாளே ரௌஷான் ஊருக்கு மேலே மலையிலிருந்த மெதேயு அணைக்குப் பேருந்து ஏறினாள். அணையின் உச்சிக்கு எண்ணூற்றுச் சொச்சம் படிகள். முதல் நாள் அறுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடினால் சமோவரும் குல்யாஷின் அகன்ற முதுகும். எழுந்தாள். இரண்டு மாதத்தில் உச்சி வந்தது.

கடைசிப் பரிசோதனையில் பதினைந்து சொற்களைக் கேட்டு, இருபது நிமிடம் கழித்துச் சொல்ல வேண்டும். குல்யாஷ் பத்து சொன்னாள். ரௌஷான் பதினொன்று. ஆரம்பத்தில் அவள் சொன்னது ஆறுதான்.

ஷோல்பான் பென்சிலைக் கடித்தாள். "நீட்டி மடக்கினதுக்கே இவ்வளவா? ஒருத்தரை வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஆனா உங்க குழுவுல எல்லாரும் இப்படின்னா, நடையாலதான் ஞாபகம் கூடிச்சுன்னு எழுத முடியாது பெரியம்மா."

குல்யாஷின் முகம் சுருங்கியது. ரௌஷானுக்கு அது இனித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அக்காவுக்கு என்ன, உக்காந்த இடத்துலயே மார்க் வந்துடுச்சு," என்றாள் குல்யாஷ். "பூங்காவைச் சுத்திச் சுத்தி எனக்கு முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

"உக்காந்த இடத்துலயா? அடியே, நீ சமதரையில நடந்தே. நான் மெதேயு படி ஏறினேன்டி! தினமும், உச்சி வரைக்கும்!"

ஷோல்பான் ரௌஷானின் பெயர் மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள். "கையெழுத்துப் போட்டீங்களே பெரியம்மா."

"கோடு போட்டுக்கோ. பதினொண்ணு பதினொண்ணுதான். வர்ற வெள்ளி டீ நான் ஊத்துறேன்."

வெளியே வந்ததும் குல்யாஷ் தணிந்த குரலில் கேட்டாள். "படிக்கு எத்தனை மணிக்குப் போவீங்கக்கா? நானும் வரேன்."

"எட்டு மணிக்கு," என்றாள் ரௌஷான். எட்டு மணிக்கெல்லாம் அவள் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவாள்.