நர்ஸம்மா நின்ற ஒன்பது நாட்கள்

இயந்திரம் நிரபராதி என்று தீர்ப்பளித்த பிறகும் நர்ஸம்மாவின் பாதங்கள் நீதிமன்றத் தரையை விட்டு எழவில்லை. நீதிபதிகளை ஓய்வில் அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் இயந்திரத்தை வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊசி மாற்றிப் போட்டதில் நான்கு வயதுக் குழந்தை இறந்ததாக வழக்கு. ஆயிரத்து இருநூறு பக்கங்களைப் படித்து முடிவு சொல்ல இயந்திரத்துக்கு நான்கு விநாடி போதுமானதாக இருந்தது. கோளாறு அவர் நின்ற கூண்டில்தான் என்று தச்சரை அழைத்தார்கள். அவர் கூண்டைப் பலகை பலகையாகப் பிரித்து எடுத்துப் போனார்; நர்ஸம்மா வெறுந்தரையில் நின்றார். இன்ஜினியர் வழக்கை மூன்று தடவை மறுபடி ஓட்டினார், மூன்று தடவையும் நிரபராதிதான். "இதுக்கு மேல நான் என்னங்க பண்றது?" என்று கையை விரித்தார். எதிர் பெஞ்சில் குழந்தையின் அப்பாவும் எழ முடியாமல் உட்கார்ந்திருப்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தார்கள். நர்ஸம்மாவின் மகள் இருவருக்கும் சேர்த்தே சாப்பாடு கொண்டுவந்தாள். குழந்தையின் அப்பா முதலில் தொடவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்களே, ஐந்தாம் நாள் வாங்கிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் பழைய நீதிபதியை வீட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். அவர் இருவருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான்கு நாள் கேட்டார். குழந்தையின் அப்பா சொன்னதில் பாதி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது: ஊசியென்றால் குழந்தைக்குப் பயம், அன்று மட்டும் அழவில்லை, சமர்த்து என்று நர்ஸம்மா கன்னத்தைத் தட்டினார். அந்த ஆயிரத்து இருநூறு பக்கங்களில் இது எங்கும் இல்லை. "மருந்துப் புட்டியை ரெண்டு தடவ பாத்தேங்கய்யா," என்றார் நர்ஸம்மா. "மூணாவது தடவையும் பாத்திருக்கணும்."

ஒன்பதாம் நாள் நீதிபதி அவரிடம் சொன்னார்: "எனக்கு நிச்சயமாத் தெரியலம்மா. ஆனா உன்னை நம்புறேன். தப்பா இருந்தா அந்தப் பாவம் என்னோட போகட்டும். நீ வீட்டுக்குப் போ." பிறகு குழந்தையின் அப்பா பக்கம் திரும்பி, "உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லங்க. மன்னிச்சிடுங்க," என்றார். நர்ஸம்மாவின் குதிகால் முதலில் எழுந்தது. குழந்தையின் அப்பா சாப்பாட்டுத் தூக்கை மகளிடம் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அன்று மாலை நீதிபதியின் உயரம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. மற்ற நீதிமன்ற அறைகளிலும் ஆட்கள் தரையோடு ஒட்டி நின்றதால் அவரைத் தினமும் அழைத்தார்கள். கனத்த வழக்கென்றால் ஒரு விரற்கடை, சில்லறை வழக்கென்றால் நூலளவு. கோட் மாட்டும் ஆணியை அவருடைய மனைவி வருடத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி அடித்தார். "இன்னிக்கு யாரு?" என்று மட்டும் கேட்பார். நீதிபதி அன்றைய வழக்காளியின் பெயரைச் சொல்வார். பிறகு இருவரும் சாப்பிட உட்கார்வார்கள்.